ரெப்ளிகா கைக்கடிகாரத்துக்குள் ஓடுவது எந்த மெஷின்?

பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் தானியங்கிக் கைக்கடிகாரத்தை அச்சாகப் பார்த்துச் செய்த ஒரு ரெப்ளிகா கைக்கு வந்திருக்கிறது. விற்றவர் உள்ளே இருப்பது சுவிஸ் ஈடிஏ மெஷின் என்கிறார். அது உண்மையா, இல்லையென்றால் உள்ளே ஓடுவது எது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பது கேள்வி. சுருக்கமான விடை இது: பின்மூடியைத் திறக்காமலேயே காதாலும் கண்ணாலும் விரல்நுனியாலும் பாதிக்கு மேல் தெரிந்துகொள்ளலாம், திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐயமே மிஞ்சாது, ஆனால் எந்த நிலையிலும், உள்ளே பொறித்திருக்கும் எழுத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். எழுத்தைப் பொறிப்பதற்குச் செலவே இல்லை. ஓர் இயந்திரத்தின் துடிப்பையும், அதன் முட்கள் அமரும் இடங்களையும், அதன் தடிமனையும் மாற்றுவதற்குப் பெரும் உழைப்பும் பணமும் வேண்டும். ஆகவே மாற்றக் கடினமானவற்றை முதலில் பார்த்து, மாற்ற எளிதானவற்றைப் பிறகு பார்க்கும் வரிசையில் இந்த விடையை எழுதுகிறேன்.

பழுதுபார்ப்பவர்கள் மெஷின் என்றும் ஆர்வலர்கள் மூவ்மென்ட் என்றும் சொல்வதை இங்கே இயந்திரம் என்று குறிப்பிடுகிறேன். அதில் இறங்குமுன் ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். பிறருடைய பெயரையும் முத்திரையையும் டயலில் போட்டு விற்பது குற்றம். காப்புரிமை முடிந்துபோன ஓர் இயந்திர வடிவமைப்பைப் பின்பற்றி இன்னொன்று செய்வது குற்றமல்ல. சுவிட்சர்லாந்தின் கிரென்சென் நகரில் உள்ள ஈடிஏ நிறுவனத்தின் 2824-2 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் காப்புரிமைகள் முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால், சுவிட்சர்லாந்திலேயே செலிட்டா நிறுவனம் எஸ்.டபிள்யூ. 200 என்ற பெயரிலும், சீனாவின் தியான்ஜின் நகரைச் சேர்ந்த சீகல் நிறுவனம் எஸ்.டி. 2130 என்ற பெயரிலும், ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பி.டி. 5000 என்ற பெயரிலும் ஏறத்தாழ அதே இயந்திரத்தை வெளிப்படையாகச் செய்து விற்கின்றன. முழுதாகக் கோக்கப்படாத இயந்திரத் தொகுதிகளை ஈடிஏ இனி வெளியாருக்குத் தராது என்று அதன் உரிமையாளரான ஸ்வாட்ச் குழுமம் 2002இல் அறிவித்ததும், இத்தகைய மாற்றுகளுக்கான தேவை மேலும் வளர்ந்தது. எனவே சீன இயந்திரம் உள்ளே இருப்பதனால் மட்டும் ஒரு கடிகாரம் போலியாகிவிடாது. அசல் ஈடிஏ உள்ளே இருப்பதனால் ஒரு போலி அசலாகிவிடவும் செய்யாது.

ரெப்ளிகாக்களுக்குள் வரும் இயந்திரங்கள் பெயரளவில் எண்ணற்றவையாகத் தோன்றினாலும் குடும்பங்கள் சிலவே. அடிமட்டத்தில் இருப்பவை, விற்பவர்கள் 21 ஜுவல் (உராய்வைக் குறைக்கப் பதிக்கும் கற்கள்) ஆசியன் என்று சொல்லும் மலிவான தானியங்கிகள்; இவற்றில் பெரும்பங்கு ஜப்பானின் மியோட்டா 8215ஐ ஒட்டிச் செய்யப்படும் டி.ஜி. 2813 வகையைச் சேர்ந்தவை, மீதி 1970களின் தொடக்கத்தில் சீனத் தொழிற்சாலைகள் பலவற்றிலும் ஒரேமாதிரி தயாரிப்பதற்காக வகுக்கப்பட்ட பொது இயந்திரத்தின் வழிவந்தவை. அடுத்த படியில் 2824 நகல்கள் வருகின்றன. ஆசியன் ஈடிஏ என்ற தொடர் பெரும்பாலும் இவற்றையே குறிக்கிறது, சிலர் அதிலுள்ள ஆசியன் என்ற சொல்லை மறந்துவிட்டு சுவிஸ் என்று சேர்த்துக்கொள்வார்கள். மூன்றாவதாக, ஜப்பானிய அசல் இயந்திரங்களான மியோட்டா 9015, சீகோ குழுமத்தின் என்.எச். 35 ஆகியவை. நொடிகளை நிறுத்தி அளக்கும் வசதியுள்ள குரோனோகிராஃப்களுக்குள் வால்ஜூ 7750இன் சீன நகலும், கையால் சாவி கொடுக்கும் பெரிய கடிகாரங்களுக்குள் யூனிட்டாஸ் 6497, 6498 ஆகியவற்றின் நகல்களும் வரும். உச்சியில் இருப்பவை, ரோலெக்ஸின் 3135, 3235, 4130 போன்ற சொந்தத் தயாரிப்பு இயந்திரங்களையே உறுப்புக்கு உறுப்பு பார்த்துச் செய்யும் குளோன்கள். மற்றவற்றுக்குக் கீழே சொல்லும் சோதனைகள் பலவும் எளிதாகப் பொருந்தும். இந்தக் கடைசி வகைக்கு மட்டும் பொறுமை தேவைப்படும்.

துடிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது ஓர் இயந்திரத்தின் கைரேகை போன்றது. இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரம் ஒவ்வொரு முறை ஊசலாடும்போதும் நொடி முள் ஓர் அடி நகர்கிறது. மணிக்கு 28,800 துடிப்பு என்றால் நொடிக்கு 8 அடி, 21,600 என்றால் 6, 18,000 என்றால் 5. வெறுங்கண்ணுக்கு எட்டும் ஆறும் ஒன்றுபோலவே வழுக்கிக்கொண்டு செல்லும், ஆனால் கைபேசியின் மெதுவியக்கப் படப்பதிவுக்கு அப்படி இல்லை. நொடிக்கு 240 படச்சட்டங்கள் எடுக்கும் வேகத்தில் நொடி முள்ளைப் படம்பிடித்துச் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தால், 28,800 துடிக்கும் இயந்திரத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 30 சட்டங்கள் இருக்கும். 21,600இல் 40 இருக்கும். 18,000இல் 48 இருக்கும். படம்பிடிக்க முடியாவிட்டால், இரைச்சலற்ற அறையில் கைபேசியின் ஒலிவாங்கிமேல் கடிகாரத்தை வைத்துப் பத்து நொடி பதிவுசெய்து, ஒலி அலையின் முகடுகளை எண்ணலாம். எண்பது வருகிறதா அறுபது வருகிறதா என்பது எந்தக் கருவியும் இல்லாமல் தெரியும். உள்ளே இருப்பது 2824-2 என்று சொல்லப்பட்ட கடிகாரம் அறுபது துடித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது, ஏனென்றால் 2824-2 மணிக்கு 28,800 துடிக்கும் இயந்திரம்.

ஆனால் வேகமாகத் துடிப்பது அசல், மெதுவாகத் துடிப்பது போலி என்று பலர் சொல்லும் பொதுவிதியை நம்பிவிட வேண்டாம். அது தவறு, அந்தத் தவறால் நல்ல கடிகாரங்கள் மீது பழி விழுவதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்ஸோவின் பவர்மேட்டிக் 80 முறையான சுவிஸ் இயந்திரம், 2824இன் வழிவந்ததும்கூட. 80 மணி நேரம் ஓடுவதற்காகவே அதன் துடிப்பை 21,600ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஓடமார் பிகே நிறுவனத்தின் 3120 மிக உயர்ந்த தரத்து இயந்திரம், அதுவும் 21,600தான். அந்தக் கடிகாரத்தின் ரெப்ளிகாவுக்குள் மியோட்டா 9015 இருக்குமானால் அது 28,800 துடிக்கும், அதாவது இங்கே போலியானது அசலைவிட வேகமாகத் துடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஒமேகாவின் கோ-ஆக்சியல் 8500 இயந்திரம் 25,200 துடிப்பது, நொடிக்கு 7 அடி, மெதுவியக்கப் படத்தில் சுமார் 34 சட்டங்கள். இந்த ஏழு வேறெங்கும் எளிதில் கிடைக்காத எண் என்பதால், ஒமேகா 8500 என்று சொல்லப்படும் கடிகாரம் எட்டு துடித்தால் அது 2824 குடும்பத்து நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ 36,000 துடிப்பது. ஆனால் அதே இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு 1988 முதல் ரோலெக்ஸ் பயன்படுத்திய 4030இல் துடிப்பை 28,800ஆகக் குறைத்துவிட்டார்கள். எனவே துடிப்பை எண்ணிய பிறகு அந்த மாதிரிக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய அசல் இயந்திரத்தின் துடிப்போடு ஒப்பிட வேண்டும். பொதுவான ஒரு நல்ல எண் என்று எதுவும் கிடையாது.

கடிகாரத்தின் ஓசையைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி வைத்திருப்பவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். துடிப்பு எண்ணிக்கையை அது தானே கண்டுகொள்ளும், ஆனால் பேலன்ஸின் வீச்சைக் கணக்கிட லிஃப்ட் கோணத்தை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் உந்துதல் பெறும்போது பேலன்ஸ் கடக்கும் கோணத்தை, நாம்தான் கொடுக்க வேண்டும். 2824-2க்கு 50 டிகிரி, 3135க்கு 52, 7750க்கு 49, என்.எச். 35க்கு 53. இரண்டு டிகிரி தவறாகக் கொடுத்தால் வீச்சு பத்துப் பன்னிரண்டு டிகிரி தவறாக வரும். மேலும், குறைந்த வீச்சு என்பது எண்ணெய் காய்ந்துபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், அதை வைத்து இயந்திரத்தின் குலத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்தது சாவிக் குமிழ். குமிழை முழுதாக வெளியே இழுத்தால் நொடி முள் நிற்கிறதா என்று பாருங்கள். 2824 குடும்பத்தில் நிற்கும், என்.எச். 35இலும் நிற்கும்; மியோட்டா 8215இன் பழைய வடிவத்திலும் அதை ஒட்டிய டி.ஜி. 2813 வகைகள் பலவற்றிலும் முள் ஓடிக்கொண்டே இருக்கும். சீகோவின் 7எஸ் 26இல் முள் நிற்பதும் இல்லை, கையால் சாவி கொடுக்கவும் முடியாது. 8215 வழி இயந்திரங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: அவற்றில் நொடி முள்ளை முதன்மைச் சக்கரத் தொடர் நேரடியாகச் சுமக்காமல் பக்கத்திலிருந்து தள்ளுவதால், முள் அவ்வப்போது தயங்கி நின்று பிறகு துள்ளிப் பிடிக்கும். கடிகாரத்தைச் சட்டென்று அசைத்தால் இந்தத் தயக்கம் தெளிவாகத் தெரியும். இது பழுது அல்ல, அந்த அமைப்பின் இயல்பு. அதனாலேயே நல்ல அடையாளம்.

குமிழ்ச் சோதனைகளுள் நான் மிகவும் மதிப்பது, தேதி இல்லாத கடிகாரத்தில் தேதியைத் தேடுவது. டயலில் தேதிச் சன்னலே இல்லாத மாதிரிகளுக்கு அசல் நிறுவனம் தேதி அமைப்பு இல்லாத இயந்திரத்தைத் தனியே செய்திருந்தால், குமிழில் சாவி கொடுக்கும் நிலையும் நேரம் மாற்றும் நிலையும் மட்டுமே இருக்கும். ரெப்ளிகாவுக்குள் தேதியுள்ள பொது இயந்திரத்தைப் பொருத்தி அதன்மேல் சன்னலற்ற டயலை மூடியிருந்தால், நடுவில் எதையும் செய்யாத ஒரு நிலை தட்டுப்படும்; அந்த நிலையில் குமிழைத் திருப்பினால் டயலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத தேதி வட்டு டிக் டிக் என்று நகர்வதை விரல் உணரும். பொது இயந்திரத்தை முறையாக வாங்கிப் பொருத்தும் நேர்மையான நிறுவனங்களின் கடிகாரங்களிலும் இந்த வெற்று நிலை வருவதுண்டு என்பதால், இதையும் அந்தந்த மாதிரியின் அசலோடு ஒப்பிட்டே பொருள்கொள்ள வேண்டும்.

தேதி இருக்கும் கடிகாரங்களில் சன்னலின் இடம் பேசும். 2824-2இன் விட்டம் 25.6 மில்லிமீட்டர், 3135இன் விட்டம் 28.5. பெரிய இயந்திரத்துக்காக வரையப்பட்ட டயலின் அடியில் சிறிய இயந்திரத்தை வைத்தால் அதன் தேதி வட்டு சன்னலை எட்டாது. அதை எட்டவைக்க மேலே வேறு வட்டை ஒட்டுவார்கள், அல்லது சன்னலை மையம் நோக்கி நகர்த்திவிடுவார்கள். எண்கள் சன்னலின் நடுவில் அமராமல் ஒரு நாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமும் ஒதுங்குவதற்கு இது ஒரு காரணம். நள்ளிரவில் தேதி மாறும் விதத்தையும் கவனியுங்கள்: 3135இல் அது கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும், மலிவு இயந்திரங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக மெல்ல நகர்ந்து போகும்.

இரண்டு நேர மண்டலங்களைக் காட்டும் கடிகாரங்களில் இதே சோதனை இன்னும் கூர்மையாகும். ரோலெக்ஸின் 3186இல் குமிழின் நடு நிலையில் உள்ளூர் மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும், மற்ற முட்கள் ஓட்டம் கலையாமல் இருக்கும். ஈடிஏ 2893-2இலும் அதன் நகல்களிலும் 24 மணி முள்தான் தனியே நகரும். ஒரே பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு கடிகாரங்களை இந்தச் செயல் பிரித்துக் காட்டிவிடும். புதிய குளோன்கள் இந்தத் தாவலையும் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன, ஆகவே தாவவில்லை என்றால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம், தாவுகிறது என்பதனால் அசல் என்று சொல்ல முடியாது.

கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டரின் நடத்தையும் உதவும். 2824 இரு திசையிலும் சாவி ஏற்றிக்கொள்ளும், என்.எச். 35உம், சீகோ 1959இல் கொண்டுவந்த மேஜிக் லீவர் என்னும் எளிய நெம்புகோலால் இரு திசையிலும் ஏற்றிக்கொள்ளும். மியோட்டா 8215உம் 9015உம் ஒரு திசையில் மட்டுமே ஏற்றிக்கொள்பவை. மறு திசையில் ரோட்டர் தடையின்றிப் பம்பரம்போலச் சுழலும், காதருகே வைத்தால் அந்தச் சுழற்சியின் ஓசை கேட்கும். வால்ஜூ 7750இலும் அப்படியே, ஆனால் அதன் ரோட்டர் கனமானது. சுழலத் தொடங்கினால் மணிக்கட்டிலேயே ஒரு தள்ளாட்டம் உணரப்படும். அந்தத் தள்ளாட்டத்தை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். முழுச் சாவி கொடுத்துக் கிடையாக வைத்து, நிற்கும் நேரத்தைக் குறிப்பதும் நல்ல சோதனை: 3235க்கு ரோலெக்ஸ் சொல்வது சுமார் 70 மணி நேரம், 2824-2க்கு வழக்கம் சுமார் 38. எழுபதுக்குப் பதில் நாற்பதில் நிற்கும் இயந்திரம் தன் பெயரைச் சொல்லிவிட்டது.

குரோனோகிராஃப்கள் தனியாகப் பேசத் தக்கவை, ஏனென்றால் ரெப்ளிகா செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் கண்டுபிடிப்பவருக்கு அதிகம் கிடைக்கும் இடமும் அதுதான். மிக மலிவான வகையில் குரோனோகிராஃப் என்பதே இருக்காது. பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் சிறு டயல்களில் கிழமையும் தேதியும் மாதமும் நகரும், மைய நொடி முள் வழக்கமான நொடியையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேற்பட்டவற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது 7750இன் நகல். 1970களின் முற்பகுதியில் எட்மோன் காப்ட் வடிவமைத்த இந்த இயந்திரத்தில் சிறு டயல்கள் 12, 9, 6 மணிகளின் இடங்களில் இருக்கும்: 12இல் 30 நிமிடக் கணக்கு, 9இல் ஓயாமல் ஓடும் நொடி, 6இல் 12 மணிக் கணக்கு. ஆனால் அதிகம் போலி செய்யப்படும் குரோனோகிராஃப்களில் சிறு டயல்கள் 3, 6, 9இல் இருக்கின்றன. ஆகவே நகல் செய்பவர்கள் 7750இன் மேல் கூடுதல் பற்சக்கரங்களைக் கோத்து, 9இல் ஓட வேண்டிய நொடியை 6க்கோ 3க்கோ கடத்துகிறார்கள். ஒவ்வொரு கூடுதல் சக்கரமும் உராய்வைக் கூட்டுகிறது. போதிய எண்ணெய் இல்லாத அந்தச் சக்கரங்கள் ஓரிரு ஆண்டுகளில் இறுகி நொடி முள்ளையும் கடைசியில் கடிகாரத்தையும் நிறுத்துவதுண்டு. ஓயாது ஓடும் சிறு நொடி முள் எந்த இடத்தில் இருக்கிறது, அது சீராக ஓடுகிறதா நடுங்குகிறதா என்பதைப் பார்த்தாலே உள்ளே கடத்தல் சக்கரங்கள் இருப்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு சாட்சி தடிமன். 7750 7.9 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. ரோலெக்ஸ் 2000இல் கொண்டுவந்த 4130 சுமார் 6.5. இந்த வித்தியாசத்தை எந்தக் கூட்டுக்குள்ளும் மறைக்க முடியாது; பின்மூடி வெளியே துருத்தும் அல்லது கூட்டின் பக்கவாட்டு தடித்திருக்கும். பிறகு தொடக்கப் பொத்தானை அழுத்தும் நொடியை மெதுவியக்கத்தில் படம்பிடியுங்கள். 4130இல் செங்குத்து கிளச் இருப்பதால் மைய நொடி முள் துள்ளாமல் புறப்படும். 7750இல் சாய்ந்து வந்து பல்லோடு பல் கோக்கும் சிறு பற்சக்கரம் இருப்பதால் புறப்படும்போது சில சமயம் முள் சிறிது முன்னோ பின்னோ துள்ளும். பொத்தானின் அழுத்தமும் மாறுபடும்: பொத்தானின் கட்டளையைக் கடத்தத் தூண் சக்கரம் உள்ளவற்றில் மென்மையாகவும், 7750போல் கேம் தகடு உள்ளவற்றில் முதல் அழுத்தம் கடினமாகவும் இருக்கும். தூண் சக்கரம் இருந்தாலே விலையுயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம், சீகலின் எஸ்.டி. 19, வீனஸ் 175 என்ற சுவிஸ் இயந்திரத்தைச் செய்யும் கருவிகளை 1960களின் தொடக்கத்தில் தியான்ஜின் தொழிற்சாலை வாங்கியதிலிருந்து வளர்ந்த, தூண் சக்கரமுள்ள, கையால் சாவி கொடுக்கும் இயந்திரம். பழைய பாணிக் குரோனோகிராஃப்களின் நேர்மையான பிரதிகளிலும் ரெப்ளிகாக்களிலும் வருவது. அதன் வரலாறு மரியாதைக்குரியது, அதை வேறு பெயரில் விற்பதுதான் தவறு.

இனி பின்மூடியைத் திறப்போம். திருகு வகை மூடிக்கு ரப்பர் பந்தை அழுத்தித் திருப்புவது கீறல் விழாத வழி. திறந்ததும் பேலன்ஸை ஊசலாடவைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது, மூச்சுக்காற்றின் ஈரமும் தூசியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே முதலில் கண்ணில் படுவது ரோட்டர். அதில் பொறித்திருக்கும் பெயரும் கற்களின் எண்ணிக்கையும்தான் அதிகம் பொய் சொல்பவை. ரோட்டரைச் சுற்றி ஒதுக்கிவிட்டு, பேலன்ஸ் சக்கரத்தை எது தாங்குகிறது என்று பாருங்கள். 2824இல் அது ஒற்றைக் காலில் நிற்கும் கைபோன்ற தகடு. 3135இல் இரண்டு முனைகளிலும் திருகப்பட்ட முழுப் பாலம். முழுப் பாலமும் இருந்தால் ஹேர்ஸ்பிரிங்குக்கு வாருங்கள். 3135இன் ஹேர்ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று மற்றச் சுற்றுகளுக்கு மேலே மடித்து உயர்த்தப்பட்டிருக்கும். வேகத்தைத் திருத்துவதற்கு நெம்புகோல் இருக்காது, பேலன்ஸ் வளையத்தின் உட்புறத்தில் நட்சத்திர வடிவச் சிறு பொன் நட்டுகள் இருக்கும். அந்த நட்டுகள் வெறும் அலங்காரமாக இருந்து, பாலத்தின் அடியில் ஹேர்ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரெகுலேட்டர் ஒளிந்திருந்தால் அது நகல். தானியங்கித் தொகுதியில் சிவந்த நிறத்தில் இரண்டு திருப்புச் சக்கரங்கள் தெரிவதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். நிறம் ஏற்றுவது எளிது.

அதிர்ச்சி தாங்கும் சிறு ஸ்பிரிங் இன்னொரு நல்ல வழிகாட்டி. பேலன்ஸ் அச்சின் மேலுள்ள கல்லைப் பிடித்திருக்கும் அது யாழ் வடிவில் இருந்தால் இன்காப்ளாக் வகை. சீகோ இயந்திரங்களில் டயாஷாக், மியோட்டாவில் பாராஷாக் என்று வடிவம் வேறுபடும். ஒரு சுவிஸ் பெயர் பொறித்த இயந்திரத்தில் பாராஷாக் தெரிந்தால் பெயரை மறந்துவிட்டு மியோட்டாவைத் தேடுங்கள். ரெப்ளிகாக்களில் மியோட்டா 9015இன் மேல் அலங்காரத் தகடுகளைத் திருகி, விலையுயர்ந்த இயந்திரத்தின் பாலங்களைப்போல் காட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அந்தத் தகட்டில் சிவப்புக் கல் பதித்திருக்கும், ஆனால் கல்லின் நடுவில் சுழலும் அச்சு இருக்காது. திருகு இருக்கும், ஆனால் அது எதையும் பிடித்திருக்காது. உருப்பெருக்கியில் இதைப் பார்த்த பிறகு ஐயத்துக்கு இடமில்லை. இரண்டு அடுக்காகத் தெரியும் விளிம்பும் தகட்டின் அடியில் தெரியும் இடைவெளியும் அதையே சொல்லும்.

எழுத்துகளைக் கடைசியில் படியுங்கள். ஈடிஏ தன் கேடய வடிவ முத்திரையையும் இயந்திர எண்ணையும் அடித்தகட்டில் பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் பொறிக்கும். ஊசலாடும் சக்கரத்தின் இடைவெளியில் சாய்வாக ஒளி பாய்ச்சித்தான் அதைப் படிக்க முடியும். ரோட்டரில் ஈடிஏ என்று பெரிதாக எழுதி, பேலன்ஸின் அடியில் எதுவுமே இல்லாமலோ வேறு எண் இருந்தாலோ, அடியில் உள்ளதையே நம்புங்கள். அங்கே போலி முத்திரை குத்தியவர்களும் உண்டு என்பதால், துடிப்பும் தடிமனும் குமிழும் சொன்னவற்றோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். செலிட்டா எஸ்.டபிள்யூ. 200இல் 26 கற்கள், 2824-2இல் 25 என்பதுபோன்ற சிறு வேறுபாடுகள் இந்தக் கட்டத்தில்தான் பயன்படும்.

ஒன்று மட்டும் இந்தச் சோதனைகளுக்கு எளிதில் அகப்படாது: அசலிலேயே பொது இயந்திரம் இருக்கும் கடிகாரங்கள். பனராய் நிறுவனம் யூனிட்டாஸ் 6497ஐ அடிப்படையாகக் கொண்ட இயந்திரங்களைப் பல மாதிரிகளில் பயன்படுத்தியது. அவற்றின் ரெப்ளிகாவுக்குள்ளும் 6497இன் சீன நகல்தான். 36.6 மில்லிமீட்டர் விட்டம், 9 மணி இடத்தில் சிறு நொடி, பாலங்களின் அமைப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கும். இங்கே வேலைப்பாட்டின் தரம் ஒன்றே பிரித்துக் காட்டும்: விளிம்புகள் சாய்வாகச் சீவி மெருகேற்றப்பட்டிருக்கின்றனவா, திருகுகளின் நீலம் சூடேற்றி வந்ததா சாயமா, தகட்டின் கோடுகள் வெட்டப்பட்டவையா அச்சடித்தவையா என்பதை, உறுதியான அசல் ஒன்றின் தெளிவான படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கமில்லாதவர் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே முறை.

இந்த அடையாளம் காணும் வேலை பழுதுபார்ப்பில் நேரடியாகப் பயன்படுகிறது. 2824 நகலாக இருந்தால், அது பழுதானதும் அதன் இடத்தில் செலிட்டாவையோ வேறொரு நகலையோ பொருத்திவிடலாம். டயலின் கால்களும் முட்களின் துளைகளும் பொருந்தும். என்.எச். 35ஆக இருந்தால் திறந்து துடைப்பதைவிடப் புதிய இயந்திரத்தையே மாற்றுவது மலிவு. நொடியைக் கடத்திய 7750 நகலுக்குக் கூடுதல் சக்கரங்கள் கிடைப்பதில்லை, 3135 குளோனுக்கு அசல் உறுப்புகள் பொருந்தும் என்று எண்ணி வாங்கி ஏமாறக் கூடாது. ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நினைப்பவர்கள் முட்களின் துளையை முதலில் அளக்க வேண்டும்: 2824-2க்கு மணி முள் 1.50, நிமிட முள் 0.90, நொடி முள் 0.25 மில்லிமீட்டர்; என்.எச். 35க்கு முதலிரண்டும் அதே அளவு, நொடி முள் மட்டும் 0.20. அந்த 0.05 வித்தியாசத்தால் 2824-2இன் நொடி முள் என்.எச். 35இன் அச்சில் தளர்ந்து நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழும்.